வேலையிடத்துல நமக்கே தெரியாம நடக்குற ஆண்-பெண் பாரபட்சம்: அடிக்கடி வர்ற கேள்விகள்

அன்கான்ஷியஸ் பயஸ்னா என்னங்க, சிம்பிளா சொல்லுங்க?

"பொண்ணுங்களுக்கு இந்த வேலை வராது"ன்னு வாய்விட்டு சொல்றது வேற. அது நேரடி பாகுபாடு, கண்டுபிடிக்கவும் ஈஸி, சண்டை போடவும் ஈஸி. இங்க பேசுறது அதைப் பத்தி இல்ல. அப்படி எதுவும் நினைக்காத நல்ல மனுஷன் ஒருத்தர் ரெண்டு ரெசூமேவ பாத்துட்டு "இவரு ஸ்ட்ராங்கா தெரியுறாரு, இவங்களும் ஓகே தான், ஆனா ஏதோ ஒண்ணு குறையுது"ன்னு முடிவெடுக்குறாரு பாருங்க, அந்த "ஏதோ ஒண்ணு" எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவருக்கே தெரியாது. சின்ன வயசுலேர்ந்து எஞ்சினியர்னா ஒரு ஆம்பள முகம், நர்ஸ்னா ஒரு பொம்பள முகம்னு பாத்துப் பாத்து மூளைல ஒரு குறுக்குவழி பதிஞ்சு போயிருக்கு, நேரம் கம்மியா இருக்குறப்பவும் தகவல் கம்மியா இருக்குறப்பவும் அது தான் முதல்ல ஓடி வரும்.

இது எவ்ளோ சீக்கிரம் பதியுதுன்னு பாக்கணுமா? டேவிட் சேம்பர்ஸ்னு ஒருத்தர் 1966லேர்ந்து 1977 வரைக்கும் சின்ன பசங்ககிட்ட "ஒரு விஞ்ஞானிய வரைங்க"ன்னு சொல்லி வரைய வச்சாரு. மொத்தம் 4,807 படம். அதுல பெண் விஞ்ஞானி இருந்தது 28 படத்துல, அந்த 28ம் பொண்ணுங்க வரைஞ்சது. பின்னாடி வந்த அமெரிக்க ஆய்வுகள்ல இது சராசரியா 28 சதவீதம் வரைக்கும் ஏறிருச்சு, ஆக இது பொறவியிலயே வர்றது இல்ல, சுத்தி பாக்குறத பொறுத்து மாறும். அது வரைக்கும் நல்ல செய்தி.

நான் பெண்களை ரொம்ப மதிக்கிற ஆளு. எனக்கெல்லாம் இது இருக்காது தானே?

இந்த கேள்வி தான் அதிகமா வருது, அதனால நேராவே சொல்லிடுறேன், மதிக்கிறதுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. எமிலியோ காஸ்டியா, ஸ்டீபன் பெனார்ட்னு ரெண்டு பேர் 2010ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. "எங்க கம்பெனில திறமைக்கு மட்டும் தான் மதிப்பு"ன்னு அழுத்தி சொன்ன சூழல்ல மேனேஜர் வேலை பாத்தவங்க, ஒரே மாதிரி வேலை செஞ்ச ஆணுக்கும் பெண்ணுக்கும் போனஸ் பிரிக்கிறப்ப ஆணுக்கு கூடுதலா குடுத்தாங்க. அந்த வாசகத்த சொல்லாத சூழல்ல அப்படி நடக்கல. காரணம் என்னவா இருக்கும்னா, "நான் நியாயமான ஆளு"ன்னு ஒருத்தருக்கு தோணிருச்சுன்னா அதுக்கப்புறம் தன் முடிவ திரும்ப செக் பண்றத நிறுத்திடுறாரு. அதனால "நான் அப்படி இல்ல"ன்னு யாராவது சொன்னா, நீங்க எப்படிப்பட்டவர்ங்குறத விடுங்க, போன தடவ அந்த ப்ரொமோஷன எத வச்சு முடிவு பண்ணீங்கன்னு தான் கேப்பேன்.

இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா, இல்ல எல்லாம் ஃபீலிங் தானா?

ஃபீலிங்க வச்சு இதை நிரூபிக்க முடியாது, ஏன்னா ஒரு பொண்ணுக்கு வேலை கிடைக்கலன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கலாம். அதனால தான் ஆராய்ச்சி பண்றவங்க ஒரே ரெசூமேவ எடுத்து பேர மட்டும் மாத்தி அனுப்புறாங்க. 2012ல யேல் யுனிவர்சிட்டில கொரின் மாஸ்-ரகுசினும் அவங்க டீமும் லேப் மேனேஜர் வேலைக்கு ஒரு அப்ளிகேஷன் தயார் பண்ணி 127 சயின்ஸ் பேராசிரியர்களுக்கு அனுப்புனாங்க. பாதி பேருக்கு ஜான்னு பேர் போட்டு, பாதி பேருக்கு ஜெனிஃபர்னு பேர் போட்டு. மத்தபடி ஒரு எழுத்து கூட மாறல. ஜானுக்கு சராசரியா 30,238 டாலர் சம்பளம் குடுக்கலாம்னாங்க, ஜெனிஃபருக்கு 26,508. திறமைக்கு போட்ட மார்க்கும் ஜானுக்கு தான் அதிகம்.

எல்லா ஆய்வும் இதே பக்கம் சாயுதான்னா இல்ல, அதையும் சொல்லணும். 2015ல வெண்டி வில்லியம்ஸும் ஸ்டீபன் செசியும் பண்ண ஒரு பரிசோதனைல, பேராசிரியர் வேலைக்கு சம தகுதி உள்ள ரெண்டு பேரோட விவரத்த குடுத்தா ரெண்டுக்கு ஒண்ணுங்குற கணக்குல பெண்ண தான் தேர்ந்தெடுத்தாங்க. ஆக எல்லா இடத்துலயும், எல்லா வேலைலயும், எல்லா நேரமும் ஒரே மாதிரி நடக்குதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. பேப்பர்ல எல்லாமே தெளிவா இருக்குற இடத்துல பாரபட்சம் குறையுது, "பாத்தா எப்படி தோணுது"ன்னு விட்ட இடத்துல கூடுது.

ஒரு மனுஷனோட அனுபவம் வேணும்னா பென் பாரஸ் கதைய பாருங்க. ஸ்டான்ஃபோர்ட்ல பெரிய நரம்பியல் விஞ்ஞானி, பெண்ணா வளந்து நாப்பது வயசு தாண்டி 1997ல ஆணா மாறுனவர். மாறுன பிறகு ஒரு செமினார் குடுத்தாரு, அதை கேட்ட ஒரு பேராசிரியர் "இன்னைக்கு பென் அருமையா பேசுனாரு, ஆனா அவரோட வேலை அவர் தங்கச்சி வேலைய விட எவ்வளவோ மேல்"னு சொல்லிருக்காரு. தங்கச்சின்னு ஒருத்தர் கிடையவே கிடையாது, ரெண்டும் அவரே தான், அதே மூளை, அதே ஆராய்ச்சி! எம்ஐடில படிக்கிறப்ப க்ளாஸ்ல யாருக்கும் வராத ஒரு கணக்க அவர் போட்டப்ப, "உன் பாய்ஃப்ரெண்ட் போட்டு குடுத்திருப்பான்"னு வாத்தியார் சொன்னாராம். இதெல்லாம் 2006ல நேச்சர் இதழ்ல அவரே எழுதுனது.

பெண்களே பெண்களை மட்டம் தட்டுறாங்களே, அப்புறம் ஆம்பளைங்கள மட்டும் ஏன் குறை சொல்றீங்க?

ஆம்பளைங்கள மட்டும் சொல்லல. மேல சொன்ன யேல் ஆய்வுல ஜெனிஃபருக்கு கம்மியா மார்க் போட்டதுல ஆண் பேராசிரியர், பெண் பேராசிரியர்னு வித்தியாசமே இல்ல. ஒரே ஊர்ல ஒரே படத்த பாத்து வளந்தவங்களுக்கு ஒரே குறுக்குவழி தான பதியும். "மேனேஜரே ஒரு லேடி தான், அப்புறம் எப்படி பாரபட்சம் இருக்கும்"னு கேக்குறது அதனால தான் செல்லாத வாதம்.

மீட்டிங்ல நான் சொன்ன ஐடியாவ பத்து நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தர் சொன்னா சூப்பர்ங்குறாங்க. இது என் கற்பனையா?

கற்பனை இல்ல. இது எப்படி நடக்கும்னு பாருங்க. ஒரு பெண் "ரிலீஸ ரெண்டா பிரிச்சுடலாமே, பேமென்ட் பகுதி மட்டும் முதல்ல போகட்டும்"னு ஆரம்பிக்கிறாங்க, பாதில ஒருத்தர் "இல்ல இல்ல, முதல்ல டெஸ்டிங் பிரச்சனைய பாப்போம்"னு உள்ள பூந்துடுறாரு, பேச்சு அங்க போய் இங்க போய், கடைசில இன்னொருத்தர் "எனக்கென்னமோ ரெண்டு ஃபேஸா போகலாம்னு தோணுது"ங்குறாரு, லீட் உடனே "குட் பாயின்ட்"னு போர்டுல எழுதுறாரு. யாரும் திருடணும்னு நினைக்கல. முதல் தடவ சொன்னப்ப பாதி பேருக்கு காதுலயே விழல, அவ்ளோ தான். ஆனா அப்ரைசல் வர்றப்ப போர்டுல எழுதுன பேரு தான் லீடுக்கு ஞாபகம் இருக்கும்.

எவ்ளோ உயரத்துக்கு போனாலும் இது விடாது. அமெரிக்க உச்ச நீதிமன்ற விசாரணைகளோட பதிவ எடுத்து டோன்யா ஜேகோபி, டிலன் ஸ்வியர்ஸ்னு ரெண்டு பேர் 2017ல கணக்கு போட்டாங்க. 2015 அமர்வுல ஒன்பது நீதிபதி நாற்காலில மூணு பேர் தான் பெண்கள், ஆனா நீதிபதிகள் பேச்சுல குறுக்க விழுந்த மொத்த குறுக்கீட்டுல 65.9 சதவீதம் அந்த மூணு பேர் மேல. நீதிபதிய குறுக்க பேசக்கூடாதுன்னு விதி இருக்குற வக்கீல்களும் அதே வேலைய பண்ணாங்க. நாட்டோட உச்ச நீதிபதிக்கே இந்த கதின்னா மத்தவங்கள பத்தி என்ன சொல்றது. பின்னாடி அந்த கோர்ட்ல சீனியாரிட்டி வரிசைப்படி ஆளுக்கு ஒரு முறை கேள்வி கேக்குற முறை வந்துச்சு, அதுக்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம்னு நீதிபதி சோனியா சோட்டோமயோர் 2021ல சொன்னாங்க. யாரோட மனசையும் யாரும் மாத்தல, பேசுற வரிசைய மாத்துனாங்க.

அப்ரைசல்ல எப்படி வரும்? எங்க ஃபார்ம் எல்லாருக்கும் ஒண்ணு தானே?

ஃபார்ம் ஒண்ணு தான், அதுல "கருத்துகள்"னு ஒரு பெரிய காலி பெட்டி இருக்கும்ல, அங்க தான். ரெண்டு வரிய பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒருத்தருக்கு: "முடிவு வேகமா எடுக்குறார், டீமுக்கு சில நேரம் காரணம் புரியறதில்ல, அடுத்த ப்ராஜெக்ட்ல டிசைன் டாக்குமென்ட்ட முன்னாடியே ஷேர் பண்ணா நல்லா இருக்கும்." இன்னொருத்தருக்கு: "திறமைசாலி தான், ஆனா கொஞ்சம் கறாரா பேசுறாங்க, டோன் பாத்துக்கணும்." நடந்த விஷயம் ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணே தான்னு வைங்க. முதல் ஆளுக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரியும். ரெண்டாவது ஆளு என்ன பண்ணுவாங்க, குரல மாத்துவாங்களா?

கீரன் ஸ்னைடர்னு ஒரு மொழியியல் படிச்சவங்க 2014ல டெக் கம்பெனிகள்ல வேலை பாக்குறவங்ககிட்டேர்ந்து 248 அப்ரைசல் வாங்கி படிச்சாங்க. குறை சொல்லிருந்த அப்ரைசல மட்டும் தனியா எடுத்தா, ஆண்களுக்கு எழுதுன 83ல குணத்த பத்துன குறை 2ல தான், பெண்களுக்கு எழுதுன 94ல 71ல. இது தானா முன்வந்து குடுத்தவங்களோட அப்ரைசல், அதனால எல்லா கம்பெனிக்கும் இதே எண்ணிக்கைன்னு சொல்ல முடியாது, ஆனா உங்க டீமோட பழைய அப்ரைசல எடுத்து பேர மறைச்சுட்டு படிச்சு பாருங்க, யாருக்கு வேலைய பத்தி எழுதிருக்கு யாருக்கு சுபாவத்த பத்தி எழுதிருக்குன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

அப்போ பெண்கள் தைரியமா, ஸ்ட்ராங்கா பேசுனா சரியாயிடும் தானே?

சொல்றதுக்கு சுலபமா இருக்கு. ஹெய்டி ரோய்சன்னு சிலிக்கான் வேலில பெரிய முதலீட்டாளர், அவங்க எப்படி தொடர்புகள வளத்து முன்னேறுனாங்கன்னு பிசினஸ் ஸ்கூல்கள்ல ஒரு பாடமே இருக்கு. கொலம்பியால ஃப்ராங்க் ஃப்ளின்ங்குற பேராசிரியர் பாதி மாணவர்களுக்கு அதே பாடத்துல ஹெய்டிங்குற பேர ஹோவர்டுன்னு மாத்தி குடுத்தாரு. ரெண்டு பேரும் சம திறமைசாலின்னு தான் மாணவர்கள் சொன்னாங்க, ஆனா ஹோவர்டு கூட வேலை பாக்க ஆசைப்பட்டாங்க, ஹெய்டி சுயநலக்காரியா தெரிஞ்சாங்க. இது க்ளாஸ்ரூம்ல பண்ணது, பெரிய ஆய்வுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இதே முடிவு வேற வேற முறையான ஆய்வுகள்லயும் வந்திருக்கு. மெதுவா பேசுனா தலைமை பண்பு இல்லங்குறாங்க, அழுத்தி பேசுனா ஒத்து போக மாட்டாங்கங்குறாங்க. அதனால "கான்ஃபிடன்ஸ் வளத்துக்கோ"ன்னு பெண்களுக்கு தனியா ஒர்க்‌ஷாப் வைக்கிறது எனக்கு எப்பவும் எரிச்சல் தர்ற விஷயம்.

மினிட்ஸ் எழுதுறது, ஃபேர்வெல் ஏற்பாடு பண்றது எல்லாம் என் தலையிலயே விழுது. இதுவும் பயஸ் தானா?

ஆமா, இதை தான் நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்க சொல்வேன், ஏன்னா வெளிய தெரியாம நேரத்த திங்கிறது இது தான். லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் இன்னும் சில பொருளாதார நிபுணர்கள் 2017ல வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கு. மூணு பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள யாராவது ஒருத்தர் ஒரு பட்டன அமுக்கணும், அமுக்குனா மூணு பேருக்குமே லாபம், ஆனா அமுக்குனவருக்கு மட்டும் மத்த ரெண்டு பேர விட கம்மி. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்கள்ல பெண்கள் 48 சதவீதம் அதிகமா அமுக்குனாங்க. சரி பெண்களோட சுபாவமே அப்படி தான்னு சொல்லிடலாம்னா, ஆண்கள் மட்டும் இருந்த குழுவுலயும் பெண்கள் மட்டும் இருந்த குழுவுலயும் வித்தியாசமே வரல! அதாவது பக்கத்துல பெண் இருந்தா அவங்க செஞ்சுடுவாங்கன்னு ஆண்கள் காத்திருக்காங்க, நம்மள தான் எதிர்பாக்குறாங்கன்னு பெண்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரு மேனேஜர் வந்து யாரையாவது கேக்கணும்னு வச்சப்ப பெண்கள தான் 44 சதவீதம் அதிகமா கேட்டாங்க, கேட்டா பெண்கள் 76 சதவீதம் சரின்னாங்க, ஆண்கள் 51.

இதுக்கு தீர்வு ரொம்ப சாதாரணம். "யாராவது எடுத்துக்கறீங்களா"ன்னு கேக்குறத நிறுத்திட்டு முறை வச்சு சுத்தி விடணும், இந்த வாரம் இவரு, அடுத்த வாரம் அவங்க. ஒரு ஷீட் போதும்.

குழந்தை பொறந்த பிறகு நல்ல ப்ராஜெக்ட் குடுக்க மாட்டேங்குறாங்க, கேட்டா "உங்க நல்லதுக்கு தான்"ங்குறாங்க.

அக்கறை மாதிரி வர்றதால தான் இதை எதிர்த்து பேசவே முடியறதில்ல. ஷெல்லி கோரெல், ஸ்டீபன் பெனார்ட், இன் பைக் மூணு பேரும் 2007ல வெளியிட்ட ஆய்வுல, சம தகுதி உள்ள ரெண்டு ரெசூமேல ஒண்ணுல மட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்காங்கன்னு ஒரு வரி சேத்தாங்க, அந்த வரி தான் அம்மான்னு காட்டிக் குடுக்கும். அம்மாவுக்கு சொன்ன ஆரம்ப சம்பளம் சுமார் 11,000 டாலர் கம்மி. நிஜ கம்பெனிகளுக்கு அனுப்பி பாத்தப்ப குழந்தை இல்லாத பெண்களுக்கு அம்மாக்கள விட ரெண்டு மடங்கு அழைப்பு வந்துச்சு. அப்பாக்களுக்கு? அவங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல, சம்பளம் கொஞ்சம் கூடவே சொன்னாங்க, பொறுப்பான ஆளுன்னு. மேனேஜரா இருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அவங்களுக்காக நீங்க முடிவு பண்ணாதீங்க, ப்ராஜெக்ட்ட முன்னாடி வச்சு கேளுங்க, வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்.

டாக்டர், விஞ்ஞானி மாதிரி துறைகள்லயும் இப்படி தானா? அங்க திறமை தான பேசும்?

திறமை பேசும் தான், ஆனா அத கேக்குறது மனுஷன். 2017ல மேயோ கிளினிக் டாக்டர்கள் ஒரு சின்ன விஷயத்த எண்ணி பாத்தாங்க, மருத்துவ கூட்டங்கள்ல பேச வர்றவங்கள எப்படி அறிமுகப்படுத்துறாங்கன்னு. ஆண் டாக்டர் அறிமுகம் பண்றப்ப, பேச வந்தவர் ஆணா இருந்தா 72.4 சதவீதம் தடவ டாக்டர்ங்குற பட்டத்தோட கூப்பிட்டாங்க, பெண்ணா இருந்தா 49.2, மீதி தடவ வெறும் பேரு தான். ஹெதர் சார்சன்ஸ்ங்குற பொருளாதார நிபுணர் வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ காப்பீடான மெடிகேரோட டேட்டாவ வச்சு சர்ஜன்கள பாத்தாங்க. ஆப்பரேஷன்ல நோயாளி இறந்துட்டா, நோயாளிய அனுப்பி வச்ச டாக்டர் அந்த சர்ஜனுக்கு கேஸ் அனுப்புறது குறையும், சர்ஜன் பெண்ணா இருந்தா ரொம்ப அதிகமா குறைஞ்சுது. அதோட முடியல, ஒரு பெண் சர்ஜன் கிட்ட கசப்பான அனுபவம் ஆனா கேஸ் அனுப்புன டாக்டர் மத்த பெண் சர்ஜன்களுக்கு புதுசா கேஸ் அனுப்புறதயும் குறைச்சுக்கிட்டாரு. ஆண் சர்ஜன் தப்பு பண்ணா அது அந்த ஒரு ஆளோட தப்பு மட்டும்.

ஆண்களுக்கு இதுல பாதிப்பே இல்லையா?

இருக்கு. குடும்பத்துக்காக லீவு கேக்குற ஆண்கள வேலைல அக்கறை இல்லாதவன், பலவீனமான ஆளுன்னு பாக்குறாங்கன்னு ஆய்வுகள் காட்டுது. சின்ன குழந்தைகள பாத்துக்குற வேலைக்கு ஒரு ஆண் வந்தா சந்தேகமா பாக்குறதும் இதே கதை தான். ஆனா நர்ஸிங், தொடக்கப்பள்ளி மாதிரி பெண்கள் அதிகமா இருக்குற துறைகள்ல சேர்ற ஆண்கள் சீக்கிரமே மேல் பதவிக்கு தள்ளப்படுறாங்கன்னு கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992லயே எழுதிருக்காங்க, அதனால ரெண்டு பக்கமும் சமமான அடின்னு சொல்ல முடியாது.

மனுஷங்கள விட்டுட்டு ஏஐ வச்சு ஆள் எடுத்தா பிரச்சனை தீந்துடும்ல?

அமேசான் 2014ல ஆரம்பிச்சு பண்ணி பாத்தாங்க. பத்து வருஷ ரெசூமேவ குடுத்து பழக்குனாங்க, அதுல பெரும்பாலும் ஆண்கள், அதனால "மகளிர்"ங்குற அர்த்தத்துல வர்ற வார்த்தை இருந்தாலே அது மார்க்க குறைச்சுது, மகளிர் செஸ் க்ளப் கேப்டன்னு போட்டிருந்தா கூட. கடைசில அந்த திட்டத்தையே மூடிட்டாங்க, 2018ல ராய்ட்டர்ஸ் செய்தில இது வெளிய வந்துச்சு. பழைய முடிவ படிச்சு கத்துக்கறது பழைய முடிவ தான எடுக்கும்.

ஆன்லைன்ல பயஸ் டெஸ்ட் எடுத்தேன், மோசமான ரிசல்ட் வந்துச்சு. நான் கெட்டவனா?

இல்ல, பதறாதீங்க. ஐஏடின்னு சொல்ற அந்த டெஸ்ட்ட ஆன்டனி க்ரீன்வால்டும் அவர் கூட இருந்தவங்களும் 1998ல வெளியிட்டாங்க. வார்த்தைகள எவ்ளோ வேகமா பிரிக்கிறீங்கன்னு பாத்து கணக்கு போடும். இன்னைக்கு ஒரு மார்க் வரும், அடுத்த வாரம் வேற வரும், ஒரு ஆள் நிஜத்துல எப்படி நடந்துப்பான்னு அத வச்சு சொல்லவே முடியாது. 2019ல 492 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்த ஒரு அலசல்ல, இந்த மறைமுக மார்க்க மாத்துனாலும் நடத்தை மாறுறதா தெரியலன்னு தான் வந்துச்சு. ஆர்வத்துக்கு எடுத்து பாருங்க, ஆள எடை போட பயன்படுத்தாதீங்க.

அப்போ எங்க ஆபீஸ்ல கட்டாயமா நடத்துற ட்ரெய்னிங்?

சர்ட்டிஃபிகேட் கிடைக்கும். ஃப்ராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலேவும் 800க்கும் மேல அமெரிக்க கம்பெனிகளோட பல வருஷ டேட்டாவ பாத்துட்டு, கட்டாய ட்ரெய்னிங்கால மேனேஜர் பதவில பெண்களோட பங்கு கூடல, ஆட்கள் கடுப்பாகுறது தான் மிச்சம்னு சொல்றாங்க. மென்டரிங்கும் (அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்து வழிகாட்டுறது), இதுக்குன்னு பொறுப்பு குடுத்து ஒரு குழு வைக்கிறதும் அதை விட பலன் தந்திருக்கு. பிரிட்டன் அரசு 2020 டிசம்பர்ல தன் சிவில் சர்வீஸ்ல இந்த ட்ரெய்னிங்க படிப்படியா நிறுத்துறதா அறிவிச்சுது. நிறுத்துனதுல எனக்கு வருத்தமில்ல, பதிலுக்கு என்ன வச்சாங்கங்குறது தான் முக்கியம்.

சரி, எது தான் வேலை செய்யும்?

ரெண்டு விஷயத்துல எனக்கு நம்பிக்கை உண்டு. ஒண்ணு, ஆள பாக்குறதுக்கு முன்னாடியே அளவுகோல எழுதி வைக்கிறது. எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் 2005ல பண்ணதுல, போலீஸ் தலைவர் பதவிக்கு ஒரு ஆண் ஒரு பெண், ஒருத்தருக்கு தெரு அனுபவம், இன்னொருத்தருக்கு படிப்பு. ஆணுக்கு படிப்பு இருந்தா படிப்பு தான் முக்கியம்னாங்க, அதே படிப்பு பெண்கிட்ட இருந்தா அதுக்கு அவ்ளோ மதிப்பு குடுக்கல. ஆளுக்கேத்த மாதிரி அளவுகோல் நகருது, நகர்த்துறவங்களுக்கு தாங்க ரொம்ப நியாயமா இருக்கோம்னு நினைப்பு வேற! எது முக்கியம்னு முன்கூட்டியே எழுதி குடுக்க சொன்னதும் அந்த வித்தியாசம் காணாம போச்சு.

ரெண்டாவது, பேர மறைக்கிறது. ஹப்பிள் டெலஸ்கோப்ல நேரம் கேட்டு விஞ்ஞானிகள் விண்ணப்பிக்கணும், பல வருஷமா ஆண்கள் தலைமைல வர்ற விண்ணப்பங்களுக்கு தான் கொஞ்சம் கூட வெற்றி. 2018ல யார் விண்ணப்பிச்சாங்கன்னே பரிசீலிக்கிறவங்களுக்கு தெரியாத மாதிரி பண்ணாங்க, அந்த சுற்றுல பெண்கள் தலைமைல வந்ததுல 8.7 சதவீதமும் ஆண்களோடதுல 8.0 சதவீதமும் தேர்வாச்சு. வித்தியாசம் சின்னது தான், ஆனா வருஷா வருஷம் ஒரே பக்கம் சாஞ்சுட்டு இருந்தது நின்னுச்சு, தவிர பரிசீலனை கூட்டத்துல "இந்த டீம் எப்படிப்பட்டது"ங்குற பேச்சு போய் விஞ்ஞானத்த பத்தி பேச்சு அதிகமாச்சாம்.

எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒவ்வொரு கேள்விக்கும் அப்பவே மார்க், பேனல்ல இருக்கறவங்க மார்க் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாது, இது எந்த ஆபீஸ்லயும் பைசா செலவில்லாம பண்ணலாம். "கல்ச்சர் ஃபிட்", அதாவது நம்ம ஆபீஸ் சூழலுக்கு ஒத்து வருவாராங்குற பெட்டிய ஃபார்ம்லேர்ந்து தூக்கிடுங்க, இல்லன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வரி எழுதுங்க.

டீம்ல இத எடுத்தா "எல்லாத்தையும் ஜெண்டர் இஷ்யூ ஆக்காத"ன்னு வாய அடைச்சுடுறாங்க. எப்படி ஆரம்பிக்கிறது?

பயஸ்ங்குற வார்த்தையோட ஆரம்பிக்காதீங்க, அத கேட்ட உடனே எதிர்ல இருக்கறவரு தன் நல்ல மனச நிரூபிக்க கிளம்பிடுவாரு, பேச்சு அங்கயே செத்துடும். வேலைய பத்தி கேளுங்க. "போன மூணு மாச மீட்டிங்ல மினிட்ஸ் யார் யார் எழுதுனாங்க, ஷீட்ல போடலாமா?" "டோன் பாத்துக்கணும்னு எழுதிருக்கீங்களே, எந்த மீட்டிங், என்ன சொன்னேன், அதுக்கு பதிலா என்ன சொல்லிருக்கணும்?" இந்த ரெண்டாவது கேள்விய கோவமில்லாம கேட்டு பாருங்க, பாதி நேரம் பதில் இருக்காது, இருந்தா அது உங்களுக்கு நிஜமாவே உபயோகப்படும். கூட ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது, உங்க ஐடியாவ யாராவது தாண்டி போனா "இத அவங்க முதல்லயே சொன்னாங்கல்ல, அவங்களே முழுசா சொல்லட்டும்"னு அவர் சொன்னா போதும், நீங்களும் அவருக்கு அதையே செய்யலாம். தேதி போட்டு குறிச்சு வைங்க. ஆனா ஆறு பேர் இருக்குற டீம்ல சதவீத கணக்கு போட்டு சண்டைக்கு போகாதீங்க, அவ்ளோ சின்ன எண்ணிக்கைல எதுவும் நிக்காது. மொத்த டிபார்ட்மென்ட்டோட கணக்க ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க.